டப்ளின் சிற்றரங்கில் புதிய ஐரிஷ் நாடகம்: முன்பதிவு முதல் வீடு திரும்பும் பேருந்து வரை

டப்ளினுக்குப் படிக்க வந்தவரோ, வேலைக்கு வந்தவரோ, பிள்ளைகளைப் பார்க்கச் சில வாரம் வந்திருப்பவரோ, யாராக இருந்தாலும் இந்த ஊரில் அண்மையில் எழுதப்பட்ட ஒரு நாடகத்தை, நடிகரின் மூச்சு கேட்கும் தொலைவில் அமர்ந்து ஒரு மாலையில் பார்த்துவிட முடியும். ஓர் உணவகத்தில் இருவர் சாப்பிடும் செலவைவிட அதற்கு ஆகும் செலவு குறைவு. ஆனால் அதற்குத் தேவையான தகவல்கள் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. எந்தக் காட்சிக்குப் போவது நல்லது, எந்த அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும், கதவு எப்போது மூடப்படும் என்பனவெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்குப் பழகிப்போனவை என்பதால் அவர்கள் அவற்றைச் சொல்வதில்லை. தட்டுத் தடுமாறி நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன். பெரிய அரங்கில் சிறு கவனக்குறைவுகளைச் சமாளித்துக்கொள்ளலாம். அறுபது பேர் அமரும் அரங்கில் அதற்கு இடமில்லை. எனவே வேலையில் பெரும்பகுதியை நாடகத்தன்று மாலைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

1. அரங்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

லிஃபி ஆற்றுக்கு வடக்கே லோயர் ஆபி தெருவில் அயர்லாந்தின் தேசிய அரங்கமான ஆபி தியேட்டர் இருக்கிறது. அதே கட்டடத்தில், முகப்புக் கூடத்துக்குக் கீழே, 127 இருக்கைகள் கொண்ட பீகாக் மேடை இருக்கிறது. புதிய எழுத்துக்குத் தேசிய அரங்கம் ஒதுக்கியிருக்கும் சிறிய மேடை இதுதான். இரண்டுக்கும் ஒரே இணையதளத்தில் டிக்கெட் விற்பதால், பெயரை மட்டும் பார்த்துப் பெரிய அரங்கின் இருக்கையை வாங்கிவிட வாய்ப்புண்டு. நாடகத்தின் பக்கத்தில் எந்த மேடை என்று எழுதியிருப்பதைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

ஆற்றின் தென்கரையில், டெம்பிள் பார் பகுதியின் ஈஸ்ட் எசெக்ஸ் தெருவில், நீலநிற முகப்புள்ள கட்டடம் ஒன்றில் ப்ராஜெக்ட் ஆர்ட்ஸ் சென்டர் இருக்கிறது. அதற்குள் 'ஸ்பேஸ் அப்ஸ்டேர்ஸ்', 'கியூப்' என்று இரண்டு கூடங்கள், கியூப் சிறியது. அருகிலேயே ஆற்றை ஒட்டி ஸ்மாக் ஆலி அரங்கம் இருக்கிறது. அதன் சிறிய கூடத்துக்கு 'பாய்ஸ் ஸ்கூல்' என்று பெயர். டிக்கெட்டில் அப்படி எழுதியிருந்தால் ஏதோ பள்ளிக்கூடத்தைத் தேடிப் போக வேண்டாம்.

இரவில் வெளியே செல்ல இயலாதவர்களுக்கு கிராஃப்டன் தெருவின் பியூலிஸ் காபிக்கடை மாடியில் உள்ள சிற்றரங்கம் ஏற்றது. அங்கே மதியம் ஒரு மணிக்கு, ஒரு மணி நேரத்துக்குள் முடியும் நாடகங்கள் நடக்கும். முதல்முறை செல்பவருக்கு நான் பரிந்துரைப்பது பீகாக் மேடையைத்தான். டிராம் நிறுத்தம் அருகில் இருக்கிறது, வழிகாட்டும் ஊழியர்கள் இருக்கிறார்கள், கீழே சொல்லப்போகும் வசனத்திரைக் காட்சிகளும் அங்கே நடப்பதுண்டு.

2. எந்த நாளுக்குச் செல்வது என்பதை முடிவுசெய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ஒரு புதிய நாடகத்தின் முதல் சில காட்சிகள் 'பிரிவியூ' என்று குறிக்கப்பட்டிருக்கும். அவை முழுக் காட்சிகளே. ஆனால் பத்திரிகை விமர்சகர்கள் வருவதற்கு முன் நடப்பவை. ஒளியமைப்பிலும் வசனத்திலும் அதுவரை திருத்தங்கள் தொடரக்கூடும். இவற்றுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. அவற்றை அடுத்து வரும் தொடக்கநாள் இரவில் இருக்கைகளில் பெரும்பகுதி அழைப்பாளர்களுக்குப் போய்விடும். அதற்கடுத்த ஓரிரு நாட்களில் விமர்சனங்கள் வரும். அவை நல்லவையாக இருந்தால் மீதமுள்ள டிக்கெட்டுகள் உடனே தீர்ந்துவிடும். 66 இருக்கைகள் உள்ள அரங்கில் பத்துக் காட்சிகள் நடந்தாலும் மொத்தமே 660 பேர்தான் பார்க்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள். 'விமர்சனம் படித்துவிட்டு முடிவெடுக்கலாம்' என்னும் இயல்பான எச்சரிக்கை இங்கே பயன்படாது. கதைச்சுருக்கம் பிடித்திருந்தால், நாடகம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

பணத்தைப் பார்ப்பவர் பிரிவியூ காட்சிக்குச் செல்லலாம். இருக்கை கிடைத்தால் போதும் என்பவர் செவ்வாய் அல்லது புதன் கிழமையைத் தேர்ந்தெடுக்கலாம். வெள்ளியும் சனியும்தான் முதலில் நிறைபவை. ஆனால் ஐரிஷ் உச்சரிப்பு இன்னும் பழகாதவர்கள், நாள்காட்டியில் 'கேப்ஷன்ட்' என்று குறிக்கப்பட்ட காட்சி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தக் காட்சியில் மேடையின் ஓரத்திலுள்ள திரையில் வசனங்கள் எழுத்தாக ஓடும். செவித்திறன் குறைந்தவர்களுக்காக ஏற்பாடு செய்யப்படுவதுதான் என்றாலும் யாரும் டிக்கெட் வாங்கலாம். ஒரு நாடகத்துக்கு ஓரிரு முறைதான் இப்படி நடக்கும், அதுவும் பெரும்பாலும் சனிக்கிழமைப் பகற்காட்சியாக இருக்கும். சிறிய தனியார் அரங்குகளில் இதை எதிர்பார்க்க முடியாது. வாங்கும்போது, திரை எந்தப் பக்க இருக்கைகளிலிருந்து நன்றாகத் தெரியும் என்று டிக்கெட் கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். செப்டம்பரில் டப்ளின் ஃபிரிஞ்ச் விழா, அதைத் தொடர்ந்து செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை டப்ளின் நாடக விழா என இரண்டும் அடுத்தடுத்து வரும். புதிய நாடகங்கள் மிகுதியாக அரங்கேறும் காலம் அதுவே. ஃபிரிஞ்ச் நாடகங்கள் சில நாட்கள் மட்டுமே ஓடும், தரமும் மிகவும் ஏறி இறங்கும். அங்கே சில மோசமான நாடகங்களைச் சகித்துக்கொள்ளும் மனநிலை இருந்தால்தான் நல்லது ஒன்று கண்ணில் படும் என்பது என் கருத்து.

3. முன்பதிவும் பணமும்

டிக்கெட்டை எப்போதும் அரங்கின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். தேடுபொறியில் மேலே வரும் மறுவிற்பனைத் தளங்களில் அதே இருக்கைக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். சிற்றரங்குகளில் புதிய நாடகத்துக்கான கட்டணம் பெரும்பாலும் 15 முதல் 30 யூரோவுக்குள் அடங்கும். சில இடங்களில் முன்பதிவுக் கட்டணம் கடைசித் திரையில்தான் சேரும்.

இந்திய வங்கி அட்டையைப் பயன்படுத்துவோருக்கு ஒரு தனி எச்சரிக்கை. நீங்கள் தேர்ந்தெடுத்த இருக்கை சில நிமிடங்களுக்கு மட்டுமே உங்கள் பெயரில் நிற்கும். அந்த நேரத்துக்குள் ஒருமுறைக் கடவுச்சொல் உங்கள் ஊர் கைபேசி எண்ணுக்கு வர வேண்டும். அந்த எண் அயர்லாந்தில் இயங்கவில்லை என்றால் பணம் செல்லாது, இருக்கையும் கைநழுவும். கட்டணம் சென்றாலும் அயல்நாணய மாற்றத்துக்கென்று வங்கி ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளும். ஐரிஷ் வங்கிக் கணக்கோ, இங்கே பலரும் பயன்படுத்தும் ரெவலூட் போன்ற செயலியின் அட்டையோ கிடைக்கும் வரை, அரங்கின் கவுன்டருக்கு நேரில் சென்று வாங்குவது எளிது. செல்லும்முன் கவுன்டர் திறந்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். மிகச் சிறிய அரங்குகளில் காட்சிக்குச் சற்றுமுன்தான் திறப்பார்கள்.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தையின் பெயரையோ முதலெழுத்தை மட்டுமோ நிரப்புவது நம் வழக்கம். கவுன்டரில் இருப்பவர் தேடுவது அந்தக் கட்டத்திலுள்ள பெயரைத்தான். உங்கள் சொந்தப் பெயரைச் சொன்னால் பட்டியலில் இல்லை என்பார். முன்பதிவு எண்ணையும் உறுதிசெய்யும் மின்னஞ்சலையும் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

வாங்கிய டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரிரு நாட்களுக்கு முன்பே தெரிவித்தால் வேறு நாளுக்கு மாற்றித் தரும் அரங்குகள் உண்டு. மாறாக, டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று இணையதளம் சொல்வதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறர் திருப்பித் தரும் டிக்கெட்டுகளுக்காகப் பல அரங்குகள் காத்திருப்போர் பட்டியல் வைத்திருக்கும். நாடகத்தன்று மதியம் தொலைபேசியில் கேட்டுவிட்டு, காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்னதாக நேரில் சென்று பெயர் கொடுங்கள். தனியாகச் செல்பவருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்; நால்வராகச் சென்றால் ஏறக்குறைய இல்லை.

4. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

சலுகைக் கட்டணத்தில் வாங்கியிருந்தால் அதற்குரிய சான்று வேண்டும். மாணவர் என்றால் நடப்பு ஆண்டுக்கான கல்லூரி அடையாள அட்டை, முதியோர் என்றால் வயதைக் காட்டும் ஆவணம். இணையதளம் வாங்கும்போது எதையும் கேட்காது, வாசலில்தான் கேட்பார்கள். சான்று இல்லையென்றால் வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்லலாம். அடையாள அட்டை இன்னும் அச்சாகி வராத புதிய மாணவர்கள், கல்லூரி தந்த சேர்க்கைக் கடிதம் செல்லுமா என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

வயதுச் சான்று இன்னொரு காரணத்துக்காகவும் தேவைப்படும். நாடகம் முடிந்து நண்பர்களோடு பப்புக்குச் செல்வது இங்கே இயல்பு. பப்பில் இரவு 9 மணிக்கு மேல் இருக்கும் 18 முதல் 20 வயது வரையிலானவர்கள் வயதுச் சான்று வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் குடிப்பது எலுமிச்சைச் சோடாவாக இருந்தாலும் இது பொருந்தும். கடவுச்சீட்டு செல்லும், ஆனால் அதை இரவில் தூக்கிக்கொண்டு அலைய நான் யாருக்கும் சொல்லமாட்டேன். காவல்துறை வழங்கும் 'கார்டா வயது அட்டை'க்கு விண்ணப்பித்து வாங்கிக்கொள்வது நல்லது.

5. காதைத் தயார்செய்யுங்கள்

ஆங்கிலவழிக் கல்வி படித்து, அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே பேசி வருபவர்களும் முதல் பத்து நிமிடங்கள் திணறுவார்கள். வடக்கு டப்ளின் தெருப்பேச்சு ஒரு வகை, கார்க் மாவட்டத்தின் இழுவை இன்னொரு வகை, டோனகால் மக்களின் உச்சரிப்பு முற்றிலும் வேறு. அலுவலகத்தில் அயர்லாந்துக்காரர்கள் உங்களுக்காக வேகத்தைக் குறைத்துப் பேசுகிறார்கள். மேடையில் யாரும் அப்படிக் குறைக்கமாட்டார்கள். அரங்கின் இணையதளத்திலுள்ள கதைச்சுருக்கத்தையும் பாத்திரங்களின் பெயர்களையும் முந்தைய நாளே படித்துவிடுங்கள். கதை தெரிந்தால் சுவை போய்விடும் என்று அஞ்ச வேண்டாம், அந்தச் சுருக்கங்கள் எந்த முடிச்சையும் அவிழ்ப்பதில்லை.

புதிய நாடகங்கள் பலவற்றின் பிரதி, அரங்கேற்றத்தை ஒட்டியே நூலாக வெளிவந்து அரங்கின் முகப்புக் கூடத்தில் விற்பனைக்கு இருக்கும். டோலியர் தெருவிலுள்ள புக்ஸ் அப்ஸ்டேர்ஸ் கடையிலும் ஐரிஷ் நாடக நூல்கள் கிடைக்கும். நாடகத்துக்கு முன் முதல் சில பக்கங்களை மட்டும் படித்துவிட்டு, மீதியை வீட்டுக்கு வந்து படியுங்கள். காதில் விழாமல் போன நகைச்சுவைகள் அப்போது பிடிபடும். ஐரிஷ் மொழி வசனங்கள் இடையிடையே வரும் நாடகங்களும் உண்டு. அரங்கிலுள்ள பாதிப் பேருக்கும் அவை முழுதாகப் புரியாது என்பதால் அதற்காக நீங்கள் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

உள்ளடக்க எச்சரிக்கைகளையும் இதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். கெட்ட வார்த்தைகள் இல்லாத புதிய ஐரிஷ் நாடகத்தைக் காண்பது அரிது. தற்கொலை, குடும்ப வன்முறை, துப்பாக்கிச் சத்தம், மின்னி மறையும் ஒளி, மேடைப்புகை ஆகியவற்றையும் அங்கே குறிப்பிட்டிருப்பார்கள். ஊரிலிருந்து வந்த பெற்றோரையோ குழந்தைகளையோ அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் இந்த வரிகளைப் படிக்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

6. நாடகத்தன்று மாலை

காட்சிகள் பெரும்பாலும் 7.30 மணிக்கோ 8 மணிக்கோ தொடங்கும். எழுதப்பட்ட நேரத்துக்குச் சில நிமிடங்களுக்குள் கதவு மூடப்படும். இன்றைய புதிய நாடகங்கள் பல இடைவேளை இல்லாமல் 70 முதல் 90 நிமிடங்கள் தொடர்ந்து நடப்பவை. சிற்றரங்கில் உள்ளே செல்லும் வழி நடிகர்களின் கண்முன்னால்தான் இருக்கும் என்பதால், தாமதமாக வருபவரை அனுமதிக்க மறுத்துவிடலாம். அப்படி மறுத்தால் பணமும் திரும்பாது. 25 நிமிடம் முன்னதாகவே சென்று சேருங்கள். இருக்கை எண் இல்லாத அரங்குகளில் முதலில் வந்தவருக்கே நல்ல இடம் என்பதால் இது இரட்டை நன்மை.

பயணத்துக்கு லீப் என்னும் பயண அட்டை வேண்டும். பேருந்தில் ரொக்கம் கொடுத்தால் நாணயங்களை மட்டுமே ஏற்பார்கள், தாள்களை வாங்கமாட்டார்கள். லீப் அட்டையில் பெரியவருக்கு 2 யூரோ. அந்தக் கட்டணத்தில் 90 நிமிடங்களுக்குள் பேருந்து, லூவஸ் டிராம், டார்ட் ரயில் ஆகியவற்றுக்கிடையே மாறிக்கொள்ளலாம். இளையோர் மற்றும் மாணவர்களுக்கான லீப் அட்டையில் பாதிதான். ஆனால் அதற்குப் புகைப்படத்துடன் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் கடைசி நேரத்தில் கைகொடுக்காது. நாடகம் முடிவதற்குள் அந்த 90 நிமிடம் கடந்துவிடும் என்பதால் போகவும் வரவும் இரண்டு கட்டணம் என்று கணக்கிடுங்கள். டிராமில் ஏறும்முன்னும் இறங்கிய பின்னும் நடைமேடையிலுள்ள கருவியில் அட்டையைத் தொட்டுக் காட்ட மறவாதீர்கள். பீகாக் மேடைக்கு லூவஸ் சிவப்புத் தடத்தின் ஆபி ஸ்ட்ரீட் நிறுத்தம் மிக அருகில். டெம்பிள் பார் அரங்குகளுக்கு அங்கிருந்து ஆற்றைக் கடந்து நடந்துவிடலாம்.

உணவைப் பொறுத்தவரை, நகர மைய உணவகங்கள் பலவற்றில் மாலை ஆறரை, ஏழு மணி வரை குறைந்த விலையில் 'ஏர்லி பேர்ட்' பட்டியல் உண்டு. 7.30 காட்சிக்கு 5.30 மணிக்கே உட்கார்ந்துவிட்டால் அவசரமில்லாமல் சாப்பிடலாம். நாடகத்துக்குப் பிறகு சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், ஒன்பது மணிக்கே பல பப்புகளின் சமையலறை மூடியிருப்பதைக் காண்பீர்கள். சைவ உணவுக்காரருக்கு அந்த நேரத்தில் உருளைக்கிழங்கு வறுவலைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல் போகலாம். உணவகத்தை விட்டுவிட்டு ஒரு சாண்ட்விச்சும் தேநீரும் போதும் என்றால், மாணவர் ஒருவர் டிக்கெட், பயணம், உணவு எல்லாவற்றையும் 30 யூரோவை ஒட்டி முடித்துக்கொள்ள முடியும்.

7. அரங்கினுள்

கழிவறைக்கு உள்ளே செல்லும்முன்பே போய்விடுங்கள், இடைவேளை இல்லாத நாடகத்தில் எழுந்து செல்ல வேண்டுமென்றால் சில நேரம் மேடையையே கடக்க வேண்டியிருக்கும். சிறிய அரங்குகளில் கோட்டு, குடை, பை ஆகியவற்றை ஒப்படைக்க இடம் இருக்காது. எல்லாம் உங்கள் காலடியில்தான். ஆகவே அன்று பெரிய முதுகுப்பையோடு வேலையிலிருந்து நேரே வர வேண்டாம். வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும், விளக்குகளின் சூட்டில் உள்ளே வெப்பமாகிவிடும். தடித்த ஒற்றைக் கம்பளிச் சட்டையைவிட, கழற்றக்கூடிய மெல்லிய அடுக்குகள் வசதியானவை.

எங்கே உட்காருவது? முதல் வரிசையில் அமர்ந்தால் நடிகர் உங்கள் கண்ணைப் பார்த்தே பேசக்கூடும், சில நாடகங்களில் கேள்வியும் கேட்பார். அதை விரும்பாதவர் மூன்றாவது வரிசைக்குப் போகலாம். உச்சரிப்பைப் பின்தொடரச் சிரமப்படுபவர் உதட்டசைவு தெரியும் நடு இருக்கையை எடுத்துக்கொள்வது நல்லது. கைபேசியை அமைதி நிலையில் வைப்பது போதாது, முற்றிலும் அணைத்துவிடுங்கள். இருட்டில் திரையின் ஒளி நடிகருக்கு நேரடியாகத் தெரியும். கைதட்டல் முடிவில் மட்டுமே. நகைச்சுவைக்கு வாய்விட்டுச் சிரிக்கலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

8. முடிந்த பிறகு

சில காட்சிகளுக்குப் பின் எழுத்தாளரோ இயக்குநரோ பார்வையாளர்களுடன் உரையாடுவார்கள். இதற்குத் தனிக் கட்டணம் பொதுவாக இருக்காது. எந்த நாளில் நடக்கும் என்பது நாள்காட்டியில் இருக்கும். புதியவருக்கு இது மிகவும் பயனுள்ளது. புரியாமல் போன இடத்தை அங்கே நேரடியாகவே கேட்கலாம், வேடிக்கையாகப் பார்க்கமாட்டார்கள்.

லூவஸ் திங்கள் முதல் சனி வரை நள்ளிரவைச் சற்றுத் தாண்டும் வரை ஓடும், ஞாயிறன்று அதற்கு முன்னதாகவே நின்றுவிடும். டார்ட் ரயிலும் நள்ளிரவுக்குள் முடிந்துவிடும் என்பதால் கடைசி வண்டியின் நேரத்தைக் கிளம்பும்முன்பே குறித்துக்கொள்ளுங்கள். 41 போன்ற சில பேருந்துத் தடங்கள் 24 மணி நேரமும் இயங்குகின்றன. வாடகைக் காரில் அட்டையாலும் பணம் செலுத்தலாம். அதை ஏற்க மறுக்க ஓட்டுநருக்கு அனுமதி இல்லை.

9. டப்ளினுக்கு வெளியே செல்வதானால்

கால்வேயில் ட்ரூயிட் நாடகக் குழுவின் சொந்த அரங்கான மிக் லாலி தியேட்டர் இருக்கிறது. ஜூலையில் நடக்கும் கால்வே பன்னாட்டுக் கலைவிழாவிலும் புதிய நாடகங்கள் வரும். ஆனால் அந்த இரு வாரங்களில் தங்கும் அறைகளின் வாடகை பலமடங்கு ஏறும் என்பதால், அறையை உறுதிசெய்த பிறகே டிக்கெட் வாங்குங்கள்.

பெல்ஃபாஸ்டின் லிரிக் தியேட்டரிலும் ஒரு சிறிய கூடம் உண்டு, டப்ளினிலிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். வழியில் எல்லைச் சோதனைச்சாவடி எதுவும் இல்லை, ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. வட அயர்லாந்து ஐக்கிய இராச்சியத்தின் பகுதி. அயர்லாந்தில் தங்கும் அனுமதி அட்டை வைத்திருந்தாலும், இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர் அங்கே செல்லத் தனியாக பிரித்தானிய விசா பெற்றிருக்க வேண்டும். வழியில் எப்போதாவது நடக்கும் சோதனையில் விசா இல்லாமல் பிடிபட்டால், பின்னாளைய விசா விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் அது பாதிக்கும். இந்தியாவிலிருந்து குறுகியகாலச் சுற்றுலா விசாவில் வந்தவர்கள், தங்கள் விசாவில் 'பிஐவிஎஸ்' (BIVS, பிரித்தானிய-ஐரிஷ் விசாத் திட்டம்) என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். அது இருந்தால் அந்த விசாவிலேயே இரு நாடுகளுக்கும் செல்ல முடியும். அங்கே டிக்கெட்டின் விலை பவுண்டில் இருக்கும். லீப் அட்டை செல்லாது.